ஸ்காட்லாந்தின் குலங்கள், குடும்பப்பெயர்கள், மரபுச்சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பெல் குடும்பச் சின்னம் என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சிட்டு விற்கிறார்களே, கேம்பெல் என்று பெயருள்ள எல்லோருக்கும் அது சொந்தமா?

இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் குடும்பச் சின்னம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கேடயமும் அதில் தீட்டிய உருவங்களும் ஒரே ஒரு ஆளின் சொத்து. அவர் காலத்துக்குப் பின் வாரிசுக்குப் போகும். தம்பிகள்கூட அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கேம்பெல் சின்னம் என்று கடைகளில் கிடைக்கும் பொன்னும் கறுப்புமான எட்டு ஆப்புகள் ஆர்கைல் கோமகனின் கேடயத்தில் உள்ளவை. அவர்தான் கேம்பெல் குலத்தலைவர்.

இந்த உரிமையைக் காக்க எடின்பரோவில் ஒரு நீதிமன்றமே இருக்கிறது. அதன் நீதிபதிக்கு லார்ட் லயன் என்று பெயர். 1592ஆம் ஆண்டுச் சட்டம் சின்னங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அவருக்குத் தந்தது. 1672ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சின்னங்களையும் ஒரே பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது. அந்தப் பதிவேடு இன்றுவரை தொடர்கிறது. அதில் இல்லாத சின்னத்தை ஸ்காட்லாந்தில் தன்னுடையதாகக் காட்டுவது குற்றம். வழக்குத் தொடர இந்த நீதிமன்றத்துக்கென்று தனி அரசு வழக்கறிஞரும் உண்டு.

அதற்காகக் கோப்பை வாங்கியவர் பயப்பட வேண்டாம். “இது எங்கள் குலத்தலைவரின் சின்னம்” என்று சுவரில் மாட்டி வைப்பதில் தவறில்லை. கடிதத்தாளிலும் மோதிரத்திலும் வீட்டு வாசலிலும் பொறித்து “இது என் சின்னம்” என்று காட்டும்போதுதான் சிக்கல்.

அப்படியானால் சாதாரணக் குல உறுப்பினர் எதை அணியலாம்?

வார்-கொக்கிப் பேட்ஜ் அணியலாம். குலத்தலைவரின் கிரெஸ்ட் நடுவில் இருக்கும். கிரெஸ்ட் என்பது சின்னத்தில் தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம். அதைச் சுற்றி, கொக்கி மாட்டிய தோல்வார் ஒன்று வட்டமாக வளைந்திருக்கும். தலைவரின் முழக்க வாசகம் அந்த வாரில் எழுதப்பட்டிருக்கும். மக்லவுட் குலத்துக்கு “விடாமல் பற்று” என்ற பொருளுள்ள வாசகம். மெக்கென்சிகளுக்கு “ஒளிர்கிறேன், எரிவதில்லை” என்ற லத்தீன் வாசகம்.

அந்த வார்தான் இங்கே முக்கியம். “இந்த கிரெஸ்ட் என்னுடையதல்ல, நான் இந்தத் தலைவரைச் சேர்ந்தவன்” என்று சொல்வது அதுதான். வார் இல்லாத வெறும் வளையத்துக்குள் கிரெஸ்டை அணிபவர், அந்தச் சின்னம் தனக்கே உரியது என்று அறிவிக்கிறார். வளையத்தின் பின்னால் செருகும் கழுகு இறகுகளுக்கும் கணக்கு உண்டு. குலத்தலைவருக்கு மூன்று, குலத்தின் கிளைத்தலைவருக்கு இரண்டு, தன் பெயரில் சின்னம் பதிவு செய்தவருக்கு ஒன்று. மற்றவர்களுக்கு இறகு இல்லை. வாடகைக்கு எடுத்த தொப்பியில் இறகு செருகியிருந்தால் எடுத்துவிட்டு அணியுங்கள்.

இவை தவிர ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு செடி உண்டு. மெக்டொனால்டுகளுக்கு ஹெதர், மெக்ரெகர்களுக்கு ஸ்காட்ஸ் பைன், மக்லவுட்களுக்கு ஜூனிபர். பேட்ஜுக்குப் பின்னால் ஒரு சிறு கிளையைச் செருகுவார்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒரு குலத்தவர் எல்லோரும் ஒரே ரத்தமா?

இந்தத் துறையில் மிக ஆழமாக வேரோடிய தவறான நம்பிக்கை இதுதான். கிளான் என்ற குல அமைப்பு ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்ற எண்ணத்தில் எழுந்தது உண்மை. தலைவரின் குடும்பமும் அதன் கிளைகளும் அப்படித்தான். ஆனால் அந்த நிலத்தில் குடியிருந்து உழுதவர்கள், மாடு மேய்த்தவர்கள், பாதுகாப்புத் தேடி வந்து சேர்ந்தவர்கள் ஆகியோரில் பெரும்பாலானவர்கள் தலைவரின் வழித்தோன்றல்கள் அல்லர். அவருடைய நிலத்தில் இருந்தார்கள், அவர் அழைத்தபோது ஆயுதம் எடுத்தார்கள், பெயர் எழுதும் காலம் வந்தபோது அவருடைய பெயரைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு பண்ணை கைமாறியதும் குடியானவர்களின் குடும்பப்பெயரும் மாறியதுண்டு.

கடலுக்கு அப்பால் இது இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. ஜமைக்காவில் கேம்பெல் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் சந்ததியினர் பலர் ஸ்காட்லாந்துத் தோட்ட உரிமையாளர்களின் பெயர்களைச் சுமக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதை வைத்து ரத்த உறவைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம்.

தலைவர் வழியிலேயே மூலங்கள் பலவகை. மெக்டொனால்டுகள் 1164இல் இறந்த சோமர்லெட் என்ற மேற்குக் கடற்கரைத் தலைவனின் பேரன் பெயரால் அறியப்படுபவர்கள். மக்லவுட் என்பதில் உள்ள லியோட் ஒரு நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் பெயர். ஃப்ரேசர், புரூஸ், ஹே, சின்க்ளேர் ஆகியோர் நார்மன் பிரபுக்களின் வழி வந்தவர்கள். ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் முன்னோர் பிரிட்டனியின் டோல் நகரிலிருந்து வந்து, முதலாம் டேவிட் அரசரிடம் அரண்மனை மேலாளர் பதவி பெற்றவர்கள். பதவியின் பெயரே வம்சத்தின் பெயராயிற்று.

குலத்துக்குள் திருமணத் தடை ஏதும் கிடையாது. கேம்பெல் கேம்பெலை மணப்பது அங்கே இயல்பு.

தாழ்நிலக் குடும்பங்களைக் குலம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். தாழ்நிலம் என்பது ஸ்காட்லாந்தின் தெற்கு, கிழக்குப் பகுதி. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1587இல் இயற்றிய சட்டம் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிக் குலங்களையும் இங்கிலாந்து எல்லைப்புறக் குலங்களையும் சேர்த்தே பட்டியலிட்டது. ஆனால் கேலிக் மொழி, தலைவருக்குப் படைச் சேவை, பாணர் மரபு ஆகியவை எல்லாம் சேர்ந்த முழு வடிவம் ஹைலேண்ட்ஸுக்கும் மேற்குத் தீவுகளுக்கும் உரியது.

குல அமைப்பு எப்படி முடிவுக்கு வந்தது?

கல்லோடன் போரோடு முடிந்தது என்று ஒரு வரியில் சொல்வார்கள். ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த படை, அரசுப் படையிடம் 1746 ஏப்ரல் 16 அன்று தோற்ற அந்தப் போர் கடைசி அடி. முதல் அடிகள் அதற்கு வெகு முன்பே விழுந்துவிட்டன. 1493இல் மேற்குத் தீவுகளின் தலைமைப் பட்டம் பறிக்கப்பட்டது. 1609இல் அயோனா விதிகள், தீவுத் தலைவர்கள் தம் மூத்த பிள்ளைகளைத் தாழ்நிலத்துக்கு அனுப்பி ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்றன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எடின்பரோவிலும் லண்டனிலும் செலவழிக்கப் பழகினார்கள். தலைவர் என்பவர் மெல்ல நிலச்சுவான்தாராக ஆனார்.

கல்லோடனுக்குப் பின் வந்த சட்டம், தலைவர்கள் பரம்பரையாக வைத்திருந்த நீதி வழங்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. அது 1748இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தலைவருக்கு ஆட்கள் தேவைப்படவில்லை, வாடகை தேவைப்பட்டது. ஆடு மேய்க்க இடம் வேண்டி, தலைமுறை தலைமுறையாக இருந்த குடிகளை வெளியேற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடந்த அந்த வெளியேற்றங்களில் பலவற்றைச் செய்தவர்கள் அதே குலத்தின் தலைவர்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று குலப் பேட்ஜைப் பெருமையோடு அணிபவர்களில் பலர், அந்தத் தலைவர்களால் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இது வரலாற்றிலிருந்து விடுபடக் கூடாத பக்கம்.

மாக் என்று தொடங்கினால் ஸ்காட்லாந்து, மெக் என்று சுருக்கினால் அயர்லாந்து என்கிறார்களே?

ஆதாரமற்ற பேச்சு. இரண்டும் ஒன்றே. முழுதாக எழுதுவதும் சுருக்கி எழுதுவதும் எழுத்தரின் கைப்பழக்கம். ஒரே மனிதர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் இருப்பார். இரு நாடுகளிலும் இதே கதைதான்.

‘மாக்’ என்றால் மகன். பெண்ணுக்குக் கேலிக்கில் ‘நிக்’ என்று வரும். ஆங்கிலப் பதிவுகளில் அது பெரும்பாலும் மறைந்து, மகளும் மாக் ஆகிவிட்டாள்.

குடும்பப்பெயர்கள் எப்படி உருவாயின?

தாழ்நிலத்தில் 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே நில உடைமையாளர்களிடம் நிலையான பெயர்கள் தோன்றின. ஹைலேண்ட்ஸில் சாதாரண மக்களிடம் 18ஆம் நூற்றாண்டுவரைகூட நிலைக்கவில்லை. இன்னாரின் மகன் இன்னார் என்ற வழக்கே அதுவரை ஓடியது. ஷெட்லாந்துத் தீவுகளில் இது 19ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நீடித்தது.

ஊர், நிலப்பெயரால் வந்தவை கார்டன், மரே, சதர்லேண்ட், ராஸ். தொழிலால் வந்தவை ஸ்மித், ரொட்டி சுடும் பேக்ஸ்டர், நெசவு செய்யும் வெப்ஸ்டர். மேக்கின்டையர் தச்சன் மகன், மெக்நாப் மடாதிபதியின் மகன், மெக்பெர்சன் பாதிரியின் மகன். உடல் அடையாளத்தால் வந்தவையும் உண்டு. கேமரன் கோணல் மூக்கு, கேம்பெல் கோணல் வாய், ரீட் சிவந்த தலைமுடி. கிறிஸ்துவின் அல்லது புனிதரின் ஊழியர் என்ற பொருளில் வந்தவை கில்கிரைஸ்ட், மக்லீன் போன்றவை.

பெயர் தேடுபவர் நினைவில் வைக்க வேண்டியது மொழிபெயர்ப்புச் சிக்கலை. கேலிக் பேசும் கொல்லன் மகன் நகரத்துக்கு வந்தபின் ஸ்மித் ஆனார். ஸ்காட்லாந்தில் மிக அதிகமானோர் தாங்கும் பெயரே ஸ்மித்தான். எனவே ஆங்கிலமாகத் தோன்றும் பெயருக்கு அடியில் கேலிக் பெயர் இருக்கலாம்.

மெக்ரெகர் என்ற பெயரைத் தடை செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கொல்குஹவுன் குலத்தாரைக் கொன்று குவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று அரசவை அந்தப் பெயரையே ஒழித்தது. மெக்ரெகர் என்று சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. 1661இல் தடை நீங்கியது, 1693இல் திரும்ப வந்தது, 1774இல்தான் இறுதியாக அகன்றது. புகழ்பெற்ற ராப் ராய் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் தாயின் பெயரான கேம்பெலைப் போட்டுக்கொண்டது இதனால்தான்.

தடைக்காலத்தில் அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், கிராண்ட், மரே, ஸ்டூவர்ட் என்று அண்டை நிலத்தலைவர்களின் பெயர்களுக்குள் புகுந்துகொண்டார்கள். 1774க்குப் பின் சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. எனவே பெர்த்ஷயர் பக்கத்து டிரம்மண்ட் ஒருவரின் வேர் மெக்ரெகராக இருக்க வாய்ப்புண்டு. அதேபோல, எல்லா டிரம்மண்டும் மறைந்திருந்த மெக்ரெகர் என்று கதை கட்டுவதும் தவறு.

என் பெயர் எந்தக் குலத்தின் துணைப்பெயர்ப் பட்டியலில் இருக்கிறதோ அந்தக் குலம்தானே என் குலம்?

அந்தப் பட்டியல்களைச் சுட்டுவிரலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தொகுக்கப்பட்டவை. டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியின் விற்பனைக்கு அவை பெரிதும் கைகொடுத்தன. பிரவுன், மில்லர், வில்சன் போன்ற பெயர்களைப் பல குலங்கள் ஒரே நேரத்தில் தமதென்கின்றன. ஸ்காட்லாந்து முழுவதும் மாவரைத்த மில்லர்கள் இருந்தார்கள். எந்த மில்லர் எந்தக் குலம் என்பதை அவர் வாழ்ந்த பாரிஷ், அதாவது திருச்சபை வட்டாரம்தான் சொல்லும். பெயரிலிருந்து குலத்துக்குத் தாவாதீர்கள். பெயரிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து நிலத்தலைவருக்கு, அவரிடமிருந்து குலத்துக்குப் போங்கள்.

வம்சாவளியை எங்கே தொடங்கி எப்படித் தேடுவது?

பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாக. பழைய தலைவர் ஒருவரிடமிருந்து கீழ்நோக்கி வந்து தன்னோடு இணைக்க முயல்பவர்கள் பெரும்பாலும் பொய்ச் சங்கிலியில் முடிகிறார்கள்.

முதலில் வீட்டில் உள்ள சான்றிதழ்கள், பைபிளின் முன்பக்கக் குறிப்புகள், கல்லறை வாசகங்களைத் திரட்டுங்கள். அடுத்து ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளம். அட்டவணையில் பெயரைத் தேடுவது இலவசம், மூலப் பதிவின் படத்துக்குக் கட்டணம். தனியுரிமை கருதிப் பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டும், திருமணம் 75 ஆண்டும், இறப்பு 50 ஆண்டும் கழிந்தபின்தான் இணையத்தில் படமாகக் கிடைக்கும்.

கட்டாயப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இறப்புச் சான்றிதழில் தந்தை பெயரோடு தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். ஆகவே 1860இல் இறந்த முதியவரின் ஒரே ஒரு தாள் உங்களை 18ஆம் நூற்றாண்டுக்கு இறக்கிவிடும். பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் இடமும் இருக்கும். 1856 முதல் 1860வரை மட்டும் அந்த விவரம் கிடையாது. 1855ஆம் ஆண்டின் படிவம் மிக விரிவானது. பெற்றோர் வயது, பிறந்த ஊர், மற்றப் பிள்ளைகள் எனக் கேட்டது. எழுத்தர்களுக்குத் தாங்காமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 1855இல் ஒரு நிகழ்வு இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கிறது. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். பிறந்த பாரிஷ், குடும்பத்தலைவருக்கு என்ன உறவு ஆகியவை 1851இலிருந்துதான் வரும்.

1855க்கு முன் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பாரிஷ் பதிவேடுகள். மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553இல் தொடங்குகிறது. அதைப் பார்த்து நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பிறகோதான் பல பதிவேடுகள் தொடங்குகின்றன. நிலம் வைத்திருந்த குடும்பமானால் உயில்களும், 1617இல் தொடங்கிய சசீன் நிலப் பதிவேடும் இன்னும் பின்னே அழைத்துச் செல்லும்.

தேடல் எங்கே தடம் புரளும்?

பெயரின் எழுத்தில்தான் முதலில். கேலிக் உச்சரிப்பை ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முழு மாக், சுருக்க மெக், எம் எழுத்தை அடுத்து ஒரு மேற்குறி (M') ஆகிய மூன்று வடிவத்திலும், நடு எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டும் தேடுங்கள்.

அடுத்தது பதிவே இல்லாமை. 1783 முதல் 1794வரை ஒவ்வொரு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகள் பலர் பதியவில்லை. திருச்சபையிலிருந்து பிரிந்தவர்களும் இந்தப் பதிவேடுகளில் விடுபடுவார்கள். 1843இல் நடந்த பெரும் பிளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் போதகர்கள் வெளியேறி ஃப்ரீ சர்ச் கண்டார்கள். அந்தக் காலத்துப் பிள்ளை கிடைக்காவிட்டால் பிரிவினைச் சபைகளின் ஏட்டையும் கத்தோலிக்க ஏட்டையும் பாருங்கள்.

மூன்றாவது, ஒரே பாரிஷில் ஒரே பெயரில் நான்கைந்து பேர். பெயர் சூட்டும் மரபு இங்கே பிரச்சினையும் தீர்வும். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர். இதனால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஜான். ஆனால் பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசையில் அடுக்கினால் தாத்தா, பாட்டி பெயர்களை ஊகிக்கலாம். ஊகத்தைச் சான்று உறுதிப்படுத்தும்வரை பென்சிலிலேயே வையுங்கள். மோரே வளைகுடா மீனவ ஊர்களில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பட்டப்பெயரையும் பதிவில் சேர்த்தார்கள். அது கிடைத்தால் புதையல்.

பெண்வழி தேடல் மட்டும் இங்கே எளிது. மணமான பின்னும் பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் ஸ்காட்லாந்து ஆவணங்களில் மறைவதில்லை. கல்லறையிலும் அதுவே இருக்கும்.

மரபணுச் சோதனை ஆண்வழியைக் காட்டும். மெக்டொனால்டுத் தலைவர் குடும்பங்கள் பலவற்றின் ஆண்வழி ஒரே நார்ஸ் கிளையில் போய்ச் சேர்வது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அது எந்தப் பாரிஷ், எந்தத் தாத்தா என்று சொல்லாது. காகிதம் இல்லாமல் முடியாது.

ஒரு கேடயத்தை எப்படிப் படிப்பது?

முதலில் இடமும் வலமும். கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம்தான் வலம். பார்க்கும் உங்களுக்கு அது இடப்பக்கம். புதிதாக வருபவர்கள் கேடயத்தைச் சொற்களில் சொல்லும் விவரணையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதனால்தான்.

நிறங்கள் இரண்டு வகை. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், வரையும்போது மஞ்சளும் வெள்ளையும் ஆகும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து போர்க்களத்தில் அடையாளம் தெரிய வேண்டும் என்பதே காரணம். நீலத்தின் மேல் கறுப்புச் சிங்கம் போட்ட ‘பழமையான குலச்சின்னம்’ ஒன்றைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

விவரணை தளத்திலிருந்து தொடங்கும். புரூஸ் கேடயம்: பொன் தளம், அதில் சிவப்பு எக்ஸ் வடிவப் பட்டை, மேல்விளிம்பில் சிவப்புப் பட்டை. ஸ்டூவர்ட்: பொன் தளம், நடுவே நீலமும் வெள்ளியும் கட்டம் போட்ட கிடைப்பட்டை. கார்டன்: நீலத்தில் மூன்று பொன் காட்டுப்பன்றித் தலைகள். ஃப்ரேசர்: நீலத்தில் மூன்று வெள்ளி ஸ்ட்ராபெரிப் பூக்கள், பழத்தின் பிரெஞ்சுப் பெயர் ஃப்ரேசரை ஒத்திருப்பதால். டக்ளஸ் கேடயத்தின் சிவப்பு இதயம் ராபர்ட் புரூஸ் மன்னருடையது. அந்த இதயத்தை எடுத்துச் சென்ற சர் ஜேம்ஸ் டக்ளஸ் 1330இல் ஸ்பெயினின் தேபாவில் போரில் இறந்தார்.

உறவும் கேடயத்தில் தெரியும். மரே நீலத்தில் மூன்று வெள்ளி நட்சத்திரம், சதர்லேண்ட் சிவப்பில் மூன்று பொன் நட்சத்திரம். இரு குடும்பமும் ஃப்ரெஸ்கின் என்ற 12ஆம் நூற்றாண்டு மனிதரின் வழி. மேற்குக் கடற்கரைக் குலங்களின் கேடயங்களில் துடுப்புக் கப்பல் திரும்பத் திரும்ப வருவது, அவர்களின் அதிகாரம் கடலில் இருந்ததால்.

கேடயத்துக்கு மேல் தலைக்கவசம், கிரெஸ்ட், அதற்கும் மேல் முழக்க வாசகம். இங்கிலாந்தில் வாசகம் பெரும்பாலும் கேடயத்துக்குக் கீழே இருக்கும், ஸ்காட்லாந்தில் உச்சியில். இருபுறமும் கேடயத்தைத் தாங்கும் விலங்குகளோ மனிதர்களோ எல்லோருக்கும் கிடையாது. பிரபுக்கள், குலத்தலைவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே.

தம்பிகள் என்ன செய்வார்கள்?

மூத்த மகன் தந்தை உயிரோடு இருக்கும்வரை கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல் கொண்ட பட்டையைச் சேர்த்துக்கொள்வார். இளையவர்கள் லயன் நீதிமன்றத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது கேடயத்தைச் சுற்றி ஒரு கரை சேரும். கரையின் நிறம், விளிம்பு நேராக இருக்கிறதா அலையாக இருக்கிறதா பல்லாக இருக்கிறதா என்பதை வைத்து எத்தனையாவது மகனின் எத்தனையாவது கிளை என்று சொல்லிவிடலாம். இந்த ஒழுங்கை இந்த அளவுக்குக் கறாராகப் பின்பற்றும் நாடு வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

எனக்கென்று சின்னம் பெறுவது எப்படி?

ஸ்காட்லாந்தில் நிலையாகக் குடியிருப்பவரோ அங்கே சொத்து வைத்திருப்பவரோ லார்ட் லயனுக்கு மனுக் கொடுக்கலாம். பிறப்பு, திருமணச் சான்றுகளை இணைக்க வேண்டும். சின்னம் பெற்ற மூதாதையிடமிருந்து வந்தவர் என்று ஒவ்வொரு கண்ணியையும் நிரூபித்தால், அந்தச் சின்னமே வேறுபாட்டுக் குறியோடு மறுபதிவாகும். நிரூபிக்க முடியாவிட்டால் புதுச் சின்னம். அதே குடும்பப்பெயர் கொண்டவருக்குத் தலைவரின் சின்னத்தை நினைவூட்டும் வகையில், ஆனால் தெளிவான மாற்றத்தோடு அமைப்பார்கள். அனுமதி கிடைத்தபின் ஓவியர் தோல்தாளில் தீட்டுவார், பதிவேட்டிலும் ஏறும். மாதக்கணக்கில் ஆகும், கட்டணமும் கணிசம். வேலையையும் விருப்பங்களையும் கேடயத்துக்குள் திணிக்காதீர்கள். மூன்று உருவம், இரண்டு நிறம் போதும்.

குலத்தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெண் தலைவராகலாமா?

பழங்காலத்தில் நெருங்கிய ஆண் உறவினருக்குள் தகுதியானவரைத் தேர்வு செய்யும் வழக்கம் இருந்தது. இப்போது வேறுபாடற்ற தலைமைச் சின்னம் யாருக்குச் சேரும் என்று லார்ட் லயன் தீர்ப்பளிக்கிறார், அந்தச் சின்னம் பெறுபவரே தலைவர். வழி அற்றுப்போன குலங்கள் குடும்ப மாநாடு கூட்டித் தற்காலிகத் தளபதியை முன்மொழியலாம். தலைவராகிறவர் குலத்தின் பெயரைத் தாங்குவது கட்டாயம்.

பெண் தலைவராகலாம். டேம் ஃப்ளோரா மக்லவுட் 28ஆம் தலைவராக ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையிலிருந்து குலத்தை வழிநடத்தி 1976இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த மகள்வழிப் பேரன் மக்லவுட் என்று பெயரை மாற்றிக்கொண்டே தலைவரானார்.

டார்ட்டன் துணி குலத்துக்குக் குலம் வேறு என்பது எவ்வளவு பழமை?

கட்டம் போட்ட துணி பழமையானது. ஃபால்கர்க்கில் கிடைத்த துண்டு 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குலத்துக்கொரு கட்டம் என்ற விதி 19ஆம் நூற்றாண்டுக்குரியது. கல்லோடனில் ஸ்டூவர்ட் பக்கத்து வீரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டது தொப்பியில் இருந்த வெள்ளை நாடாப் பூவால்.

1747 முதல் 1782வரை ஆண்கள் ஹைலேண்ட்ஸ் உடை அணியத் தடை இருந்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டு நாடுகடத்தல். படைவீரர்களுக்கு விலக்கு. 1815 வாக்கில் லண்டன் ஹைலேண்ட் சங்கம் தலைவர்களிடம் மாதிரித் துணி கேட்டது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய விழாவுக்கு எல்லோருக்கும் அவசரமாக ஒரு கட்டம் தேவைப்பட்டது. பானக்பர்னின் வில்சன் நெசவாலை நெய்து தந்தது. 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் சகோதரர்கள் வெளியிட்ட, குலங்களின் கட்டங்களைச் சொல்லும் ‘பழஞ்சுவடி’ புனைவு. ஆனால் அதிலிருந்த கட்டங்கள் பல இன்று குலத்தலைவர்கள் ஏற்ற வடிவங்கள். இருநூறு ஆண்டு அணிந்த மரபும் மரபுதான், ஆயிரம் ஆண்டு என்று சொல்லாதவரை.

எதை அணியலாம் என்றால், சட்டத் தடை இல்லை. பால்மோரல் கட்டம் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது. வடிவங்களை 2009இல் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் பார்க்கலாம். கில்ட் என்ற மடிப்பு வைத்த ஆண்கள் பாவாடை தைக்க ஒற்றை அகலத் துணி எட்டு கெஜம், இரட்டை அகலமானால் நான்கு. கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி எடுங்கள். அதைவிட லேசானால் மடிப்பு நிற்காது.

சிங்கக் கொடியை ஏற்றலாமா? ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் லேர்ட் பட்டம் கிடைக்குமா?

இரண்டுக்கும் இல்லை. பொன் தளத்தில் சிவப்புச் சிங்கம் அரசருடையது. 1934இல் ஐந்தாம் ஜார்ஜ் தந்த அனுமதி கையில் பிடித்து அசைக்கும் கொடிக்கு மட்டும். வீட்டில் ஏற்ற நீலத்தில் வெள்ளை எக்ஸ் வடிவ சால்டையர் கொடி இருக்கிறது, அது எல்லோருக்கும் பொது. நினைவுப்பொருள் நிலத்துண்டை நிலப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. லேர்ட் என்பது நிலம் வைத்திருப்பவரைக் குறிக்கும் வழக்கு, பிரபுப் பட்டமல்ல.

சென்னையிலும் இலங்கையிலும் ஸ்காட்லாந்துப் பெயர் தாங்கிய குடும்பங்கள் எங்கே தேடுவது?

சுவடிகள் சேகரித்த காலின் மெக்கென்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். 1781இல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹெக்டர் மன்றோ வடகிழக்கின் நோவார் குடும்பத்தவர். அவர் 1782இல் தன் ஊருக்கருகே ஃபைரிஷ் குன்றின் மேல் எழுப்பிய கல்வளைவுகள் நாகப்பட்டின வாயிலைக் குறிப்பவை. மன்றோ என்ற பெயர் பொதுவாக இருப்பதை வைத்து இருவரையும் நெருங்கிய உறவினர் என்று எழுதக் கூடாது.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு முதல் இடம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்கள். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் அங்கே என்/2 என்ற வரிசையில் உள்ளன. ஸ்காட்லாந்துச் சபையினர் என்றால் 1821இல் திறந்த எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கையும் கவனிக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் டன்கெல்ட், பால்மோரல், ஹோலிரூட் என்ற தோட்டப் பெயர்கள் ஸ்காட்லாந்து ஊர்களையும் அரண்மனைகளையும் குறிப்பவை. தோட்டத்தின் பெயரிலிருந்து துரையின் குலத்தை ஊகிக்க வேண்டாம்.

தந்தையின் பெயரோடு அவருடைய படைப்பிரிவையோ வேலையையோ குறித்துக்கொள்ளுங்கள். படைப்பிரிவு தெரிந்தால் படையில் சேர்ந்த பதிவேட்டில் பிறந்த பாரிஷ் கிடைக்கும். அங்கிருந்து ஸ்காட்லாந்துத் தேடலைத் தொடங்கலாம். தந்தை பெயர் இல்லாத பதிவில் பிள்ளைக்குக் காப்பாளரின் பெயரோ ஞானப்பெற்றோரின் பெயரோ வந்திருக்கலாம். அந்த நிலையில் குலத்தை விட்டுவிட்டு, சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் யார் என்று பாருங்கள்.